கட்டில் ஒன்று, கல்லூரி நான்கு: மதுரையின் மருத்துவ, நர்சிங், பார்மஸி, பிசியோதெரபி கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் வகுக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். நான் திருநகரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். 1988-ல் வேலைக்குச் சேர்ந்தேன். 33 வருடம். அதில் கடைசி ஆறு வருடம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தேன், மற்றதெல்லாம் வார்டு. எந்தெந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியதாகிவிடும். நான் சொல்ல வந்தது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற ஒன்று: சேர்ந்து வேலை செய்யப்போகிற பிள்ளைகள் படிக்கிற காலத்தில் சேர்ந்து படிப்பதே இல்லை.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அறுபதைத் தாண்டிய பூ விவசாயி. காலில் புண், சர்க்கரை 400-க்கு மேல். எங்கள் வார்டில் 12 நாள் இருந்தார். வார்டில் நாங்கள் போட்டது மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் அவர் மனைவியை உட்காரவைத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "இந்தக் கோடு வரைக்கும் இழுக்கணும்த்தா, இதுதான் இருபது. குமிழ் இருந்தா தட்டி விடணும். வயித்துல, தொப்புளை விட்டுத் தள்ளி." அந்த அம்மா மூன்று தடவை செய்து காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் பூக்கட்டிப் பழகிய கை; அளவு துளி பிசகவில்லை. எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் மருந்தை மாற்றினார். தினம் இரண்டு வேளை குத்துவதற்குப் பதிலாக இரவில் ஒருமுறை போடும் இன்சுலின், 20 யூனிட். நோயாளியின் நன்மைக்கான மாற்றம்தான். தெளிவாகவும் எழுதினார். வெளியே மருந்துக்கடையில் சீட்டில் இருந்ததையே கொடுத்தார்கள். அது மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பி. கடைக்காரத் தம்பி "சிரிஞ்சு இருக்கா?" என்றும் கேட்டிருக்கிறார். "இருக்குப்பா, ஆஸ்பத்திரியிலயே வாங்கிக் கொடுத்துட்டாங்க" என்று மகன் சொல்லியிருக்கிறான். நோயாளிக்கு நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்டும், சாப்பாட்டு அட்டவணை கொடுத்த டயட்டீஷியனும் தங்கள் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று.

அன்று ராத்திரி அந்த அம்மா நான் சொல்லிக்கொடுத்தபடியே, துளி பிசகாமல், சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபதாவது கோடு வரை இழுத்துப் போட்டார். அந்தக் கோடு என்பது அரை மில்லி. 100 யூனிட் குப்பியில் அரை மில்லி என்றால் 50 யூனிட். அவருக்குப் போக வேண்டியது 20.

விடிகாலை நாலு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் இல்லை. 108-ல் கொண்டுவந்தார்கள். சர்க்கரை 32. பிழைத்துக்கொண்டார், சாமி புண்ணியம். ஆனால் மறுநாள் நடந்த விசாரணைதான் இன்னும் என் மனசில் கிடந்து அறுக்கிறது. டாக்டர் சீட்டைக் காட்டினார், சரியாக இருந்தது. மருந்துக்கடை பில் சரியாக இருந்தது. கேஸ் ஷீட்டில் 'இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்கப்பட்டது' என்று என் கையெழுத்து இருந்தது. ஆளாளுக்கு அவரவர் காகிதத்தை எடுத்துக் காட்டிவிட்டு வெளியே வந்தோம். ஒருத்தர் மேலும் தப்பில்லை. அந்த மனுஷனுக்கு மட்டும் இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போயிருந்தது.

மருந்தை மாற்றியதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அந்தப் புதுச் சீட்டை வாங்கிப் பார்த்திருந்தால் போதும். கடைக்காரத் தம்பி "எந்த சிரிஞ்சு? மூடி என்ன கலர்?" என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும், 100-க்கு ஆரஞ்சு மூடி என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த மூன்று அறிவும் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை.

ஏன் சந்திக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், படிக்கிற காலத்தில் போய் நிற்கிறது.

நம் ஊரில் இந்தப் பிள்ளைகள் ஒரே கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் ஏறுகிறார்கள், ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். ஆனால் வெள்ளைக் கோட்டு ஒரு பக்கம், நர்சிங் சீருடை இன்னொரு பக்கம். வார்டுக்குள் வந்தாலும் அப்படித்தான். ஒரே நோயாளியிடம் காலையில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் எட்டுப் பேர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து "எத்தனை நாளா வலி?" என்பார்கள். பத்து மணிக்கு நர்சிங் பிள்ளைகள் வந்து கேர் பிளான் எழுதுவதற்காக "எத்தனை நாளா வலி?" என்பார்கள். மத்தியானம் பிசியோதெரபி பிள்ளைகள். அந்த நோயாளி பாவம், மூன்றாவது குழு வரும்போது கேள்வியைக் கேட்பதற்கு முன்பே ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். நாலு வருடம் ஒரே கட்டிலைச் சுற்றி வந்தும் ஒருவர் இன்னொருவரிடம், "நீ இவர்கிட்ட என்ன பார்த்த?" என்று கேட்கும் சந்தர்ப்பம் வருவதில்லை. படிப்பு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளில் "நீங்கள் எல்லாரும் ஒரு டீம்" என்கிறோம். நாகசுரக்காரரும் தவில்காரரும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டு முகூர்த்தத்தன்றுதான் முதல்முதலாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றால் எந்தப் பெண்வீட்டுக்காரராவது முன்பணம் கொடுப்பாரா?

உலகத்தில் இதற்கு விடை தேட ஆரம்பித்து நாளாகிவிட்டது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-லேயே எல்லாச் சுகாதாரப் படிப்பு மாணவர்களையும் சேர்த்து உட்கார வைத்தது. 1996-ல் ஒரு படி மேலே போய் மாணவர்களுக்கென்று ஒரு வார்டையே திறந்தது. மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி மாணவர்கள் ஒரு குழுவாக, ஆசிரியர் மேற்பார்வையில், நிஜ நோயாளிகளைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் வார்டு. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதற்கென்று ஒரு செயல்திட்டமே வெளியிட்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில்களின் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். 'ஒருவரிடமிருந்து ஒருவர்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். டாக்டர் வந்து நர்சுகளுக்கு வகுப்பெடுப்பது நம்மிடம் தாராளமாக இருக்கிறது. நர்ஸ் போய் மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுத்ததை என் 33 வருடத்தில் இரண்டே முறை பார்த்தேன். இரண்டுமே கை கழுவுவது எப்படி என்ற வகுப்பு.

நம் நாட்டிலும் எழுத்தளவில் குறையில்லை. மருத்துவப் படிப்புக்கு 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம், படித்து வெளியே வரும் டாக்டருக்கு ஐந்து பாத்திரங்களைச் சொல்கிறது. அதில் ஒன்று, மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. 'உறுப்பினராகவும்' என்று எழுதிய மகராசர் யாரோ தெரியாது, அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். மனப்பான்மை, அறம், பேச்சு ஆகியவற்றுக்கான ஏட்காம் பகுதியில் குழுவாக வேலை செய்வது பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. நான் கேட்டறிந்தவரை அந்த வகுப்பில் உட்காருவது எம்.பி.பி.எஸ். மாணவர்கள் மட்டும்தான். குழுவைப் பற்றிய பாடம், குழுவில் மற்றவர் யாரும் இல்லாமல். நீச்சல் வகுப்பைக் கரும்பலகையில் நடத்துவது மாதிரி.

ஒவ்வொரு படிப்பையும் ஒழுங்குபடுத்த டெல்லியில் ஆளுக்கொரு அமைப்பு இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். மருத்துவத்துக்கு 2019 சட்டம், பிசியோதெரபி முதலான படிப்புகளுக்கு 2021 சட்டம், நர்சிங்குக்கு 2023 சட்டம், பார்மஸிக்கு 1948-லேயே வந்த சட்டம். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் நாள் வரட்டும், காத்திருப்போம். ஆனால் தமிழ்நாட்டில் நமக்கு வாய்த்த ஒரு வசதியை யாரும் பேசுவதில்லை. மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மஸி, பிசியோதெரபி, சித்த மருத்துவம் எல்லாமே பெரும்பாலும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. அந்தப் பல்கலைக்கழகம் கிண்டியில் செயல்படத் தொடங்கியதும் நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1988-ல்தான். பரீட்சைத் தாளில் அச்சடிக்கிற பெயர் ஒன்று, பட்டத்தில் இருக்கிற முத்திரை ஒன்று. பிள்ளைகள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

சேர்ந்து படித்தால் எதைப் படிப்பது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தோற்ற இடம் அது. போனில் பேசுவது.

ராத்திரி இரண்டு மணி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான நர்ஸ், டூட்டி டாக்டருக்குப் போன் போடுகிறாள்.

"சார், பதினாலாம் பெட் தாத்தா ஒரு மாதிரியா இருக்காரு சார்."

"ஒரு மாதிரின்னா?"

"தெரியல சார்... மூச்சு வாங்குது. நீங்க ஒரு தடவ வந்து பார்த்துட்டா..."

"பி.பி. எவ்வளவு?"

"இருங்க சார், பார்த்துட்டுச் சொல்றேன்."

போன் கட். டாக்டருக்கு எரிச்சல், அவர் தூங்கி 40 நிமிஷம்தான் ஆகியிருக்கும். பிள்ளைக்குப் பயம், மறுபடி போன் போட இன்னும் பதினைந்து நிமிஷம் தயங்குவாள். அந்தப் பதினைந்து நிமிஷமும் தாத்தாவின் கணக்கில்தான் கழியும்.

இதையே அவள் இப்படிச் சொல்லலாம்: "சார், மெடிக்கல் வார்டு, பதினாலாம் பெட், 68 வயசு. மூச்சுத் திணறல் அரை மணி நேரமா கூடிக்கிட்டே போகுது. நேத்து சாயந்தரம் நெஞ்சுவலின்னு அட்மிட் ஆனவர், சுகரும் பி.பி.யும் உண்டு. இப்ப பல்ஸ் 124, பி.பி. 170-க்கு 110, ஆக்சிஜன் 86. நுரையீரல்ல நீர் கோத்திருக்கும்னு நினைக்கிறேன் சார். நிமிர்த்தி உட்கார வச்சு ஆக்சிஜன் போட்டிருக்கேன். நீங்க உடனே வரணும். லேசிக்ஸ் எடுத்து வைக்கட்டுமா?"

அரை நிமிஷம்கூட ஆகாது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நீங்கள் செய்ய வேண்டியது: இந்த நான்கு படியில் பேசும் முறை அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்தது. பிறகு ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன. என் மாணவிகளுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்தேன். முதல் இரண்டு படியையும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வார்கள். மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நுரையீரல்ல நீர்னு நினைக்கிறேன்னு நான் எப்படி மேடம் சொல்றது? அது டாக்டர் சொல்ல வேண்டியதில்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நாலு வருடப் படிப்பு, பத்தொன்பது வயதிலிருந்து உடற்கூறு, மருந்தியல் எல்லாம் படித்தவள். நினைக்கிறேன் என்று சொல்லவே அவளுக்கு அனுமதி வேண்டியிருக்கிறது.

நானும் வகுப்பில் பொம்மையைப் படுக்கவைத்துப் பழக்கினேன். டாக்டராக யார் பேசுவது? நானே பேசினேன். நான் எவ்வளவுதான் கடுகடுவென்று பேசினாலும் பிள்ளைகளுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த முனையில் ஒரு நிஜமான மூன்றாம் வருட எம்.பி.பி.எஸ். மாணவன் இருந்திருக்க வேண்டும். அவனுக்கும் அது பயிற்சிதான். தூக்கத்தில் எழுந்து அரை நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, "நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?" என்று கேட்பது, இவையெல்லாம் தானாக வந்துவிடுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி மட்டும் ஒவ்வொரு போனையும் அந்தக் கேள்வியோடுதான் முடிப்பார். அவர் டூட்டி என்றால் எங்கள் பிள்ளைகள் அரை மணி நேரம் முன்னதாகவே போன் போடுவார்கள். அரை மணி நேரத்தின் அருமை ஐ.சி.யு.வில் நின்றவர்களுக்குத் தெரியும்.

டாக்டர்களைக் குறை சொல்லியே எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். நான் இதே தப்பை எனக்குக் கீழே இருப்பவர்களிடம் செய்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பாட்டி, ராத்திரி முழுக்க முனகிக்கொண்டே இருந்தார். வார்டு ஆயாம்மா இரண்டு தடவை வந்து, "சிஸ்டர், பாட்டி சாயந்தரத்துலருந்து ஒண்ணுக்குப் போகல" என்றார். "பார்த்துக்கிறேன், நீங்க போய் அந்தப் பேஷண்டைத் துடைங்க" என்று அனுப்பிவிட்டேன். காலையில் டாக்டர் வந்து அடிவயிற்றில் கை வைத்ததும் தெரிந்தது, மூத்திரப்பை கல் மாதிரி இருந்தது. டியூப் போட்டதும் பாட்டி அந்த நிமிஷமே தூங்கிவிட்டார். ஆயாம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் இன்னும் வலிக்கிறது. குழு என்று நான் பேசும்போது அந்த ஆயாம்மாவையும் சேர்த்தே பேசுகிறேன். மாணவர்கள் வார்டுக்கு வரும் முதல் நாள் அரை மணி நேரம் ஆயாம்மாவோடு நிற்க வையுங்கள்.

இனி கிராமம். செக்கானூரணிப் பக்கம் என் சின்னம்மா இருக்கிறார், வயது 74. மருத்துவ மாணவர்களுக்கு இப்போது குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறதல்லவா, கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் நல்ல திட்டம். ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கி, சின்னம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பி.பி. பார்த்து, கழிப்பறை இருக்கா, எத்தனை பேர், என்ன வருமானம் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். அதே வாரம் வியாழக்கிழமை நர்சிங் பிள்ளைகள் சமூக நலப் பயிற்சிக்கு வந்தார்கள். செய்தித்தாளை விரித்துப் பையை வைத்து, கையைக் கழுவி, அதே பி.பி., அதே கழிப்பறை, அதே வருமானம். சின்னம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "ஏத்தா, நீங்கல்லாம் ஒரே ஆபீசுதானே? ஒருத்தர்கிட்ட சொன்னா அடுத்தவங்களுக்குச் சொல்ல மாட்டீங்களா?"

இரண்டு குழுவும் எழுதிக்கொண்டு போனது பி.பி. கூடுதல், மாத்திரை சாப்பிடுகிறார் என்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து அந்தத் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். தலை வலிக்கிற அன்றைக்கு மட்டும்தான் சின்னம்மா மாத்திரை போடுவார். மீதியை அடுக்குப்பானைக்குள் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தத் தன்னார்வலரிடம் எந்த மாணவரும் பேசவில்லை. அவர் பக்கத்து வீட்டில்தான் இருந்தார்.

இதற்குப் புதுச் செலவு ஏதாவது இருக்கிறதா? பஸ் ஏற்கெனவே ஓடுகிறது, கிராமம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு கல்லூரியும் கிராமப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மருத்துவ மாணவர், ஒரு நர்சிங் மாணவி, ஒரு பார்மஸி மாணவர் என்று ஒரே வீட்டுக்குச் சேர்த்து அனுப்பினால் போதும். பார்மஸிப் பிள்ளை அடுக்குப்பானையைத் திறந்து மாத்திரையை எண்ணுவான். மற்ற இருவருக்கும் அது தோன்றாது. அதுதான் அவன் படிப்பு.

நம் ஊரில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து, இரண்டு வருடம் அங்கேயே பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பதிலிருந்து ஆபரேஷன் மேஜையில் கருவி எடுத்துக் கொடுப்பது வரை பழக்குகிறார்கள். ஒரு கண்ணை முடித்துவிட்டு சர்ஜன் திரும்பும்போது அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயார். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அங்கே நடப்பது ஒரே வகை வேலையைப் பிசகில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது, பொது வார்டின் குழப்பம் அதில் இல்லை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேர்ந்து வேலை செய்யப்போகிறவர்களைச் சேர்த்தே பழக்குவது மதுரை மண்ணுக்குப் புதிதல்ல. தோப்பூர் எய்ம்ஸில் முதல் அணி மாணவர்கள் 2022-ல் ராமநாதபுரத்தில் வகுப்பைத் தொடங்கினார்கள். எழும்பி வரும் அந்தப் புது வளாகத்தில் வகுப்பறைகளைப் பிரிப்பதற்கு முன்பே இதை யோசித்தால் இன்னும் நல்லது.

இதனால் பலன் நிச்சயம்தானா என்று கேட்டால், நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் மதிப்பாய்வு 2013-ல் வந்தது. அது இப்படிச் சேர்ந்து கற்பது பற்றிய 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏழில் நல்ல பலன், நான்கில் பாதிப் பாதி, நான்கில் ஒரு மாற்றமும் இல்லை. அவற்றில் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களுக்குக் கொடுத்த பயிற்சிகள். ஆக, மந்திரக்கோல் எதுவும் கையில் இல்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொடுத்த 19 வரிச் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வரி, கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. பெயர் சொன்னதால்தான் இறங்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் தியேட்டர்களில் பத்து வருடம் பக்கத்தில் நின்றவரின் பெயர்கூடத் தெரியாமல் 'சிஸ்டர்', 'பிரதர்', 'ஏம்ப்பா' என்றே ஓய்வுபெற்றவர்களை எனக்குத் தெரியும். பெயர் தெரியாதவரிடம் "சார், கவுண்ட்ல ஒரு பஞ்சு குறையுது" என்று சொல்லப் பெரிய தைரியம் வேண்டும்.

இப்போது நான் கேட்பது.

தயவுசெய்து கருத்தரங்கு வேண்டாம். 400 பிள்ளைகளை ஹாலில் உட்காரவைத்து, குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, பின்வரிசையில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதை நாம் நன்றாகவே செய்கிறோம். அதை இதற்கும் செய்தால் இதுவும் செத்துவிடும்.

முதல் வருடத்தில் இடம் மாற்றி நிற்க வையுங்கள். எம்.பி.பி.எஸ். பிள்ளை காலை ஏழரை மணிக்கு, ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டிங் ஓவருக்கு வந்து, ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பின்னாலேயே நடக்கட்டும். மத்தியானத்துக்குள் கால் வலி வந்து, "நாற்பது பேஷண்டுக்கு ரெண்டே ரெண்டு சிஸ்டரா?" என்று அவனே கேட்பான். நர்சிங் பிள்ளை மருந்து வழங்கும் கவுண்ட்டரில் உட்கார்ந்து, கையெழுத்துப் புரியாத சீட்டோடு மல்லுக்கட்டட்டும். பார்மஸிப் பிள்ளை ரவுண்ட்ஸுக்குப் போகட்டும்.

மூன்றாம் வருடத்தில் ஒரே ஒரு வார்டு, இரண்டே வாரம். லின்ஷோப்பிங்கில் இரண்டு வாரம்தான். நான்கு படிப்பிலிருந்தும் மூன்று மூன்று பேர், ஆக 12 பேர். அவர்களுக்கு நான்கு நோயாளிகள். பக்கவாதம், எலும்பு முறிவு, சர்க்கரைப் புண் மாதிரி எல்லாக் கையும் வேண்டியிருக்கும் நோயாளிகளாகக் கொடுங்கள். தினம் காலையில் சேர்ந்து திட்டம் எழுதட்டும், சாயந்தரம் சேர்ந்து திருத்தட்டும். வீட்டுக்கு அனுப்பும் அன்று குடும்பத்தோடு எல்லோரும் சேர்ந்து உட்காரட்டும். மேற்பார்வைக்கு ஒரு டாக்டர், ஒரு நர்சிங் ஆசிரியை, இருவரும் சம இருக்கையில். இருக்கை என்று நான் சொல்வது நாற்காலியைத்தான். பேராசிரியர் உட்கார்ந்திருக்க டியூட்டர் நின்றுகொண்டிருந்தால், பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

மார்க் கொடுங்கள். மார்க் இல்லாத எதையும் நம் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். செய்முறைத் தேர்வில் ஒரு பகுதிக்கு மட்டும் இரண்டு படிப்பு மாணவர்களும் சேர்ந்து வந்து சேர்ந்தே மார்க் வாங்க வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் ஹாஸ்டல் வாசலில் வெள்ளைக் கோட்டும் நர்சிங் சீருடையும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும்.

கால அட்டவணை ஒத்துவராது என்பீர்கள். எனக்கும் தெரியும், ஒருவருக்கு செமஸ்டர், ஒருவருக்கு வருடக் கணக்கு, ஒருவருக்கு லேப். அதற்காகத்தான் முழு அணியையும் கேட்கவில்லை, பன்னிரண்டு பேரைக் கேட்கிறேன். சேர்ந்து பழகினால் ஒழுங்கு கெடும் என்று ஒரு முறை ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். அதற்கு அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப்போவதில்லை.

எந்தக் கல்லூரி முதலில் ஒரு வார்டு ஒதுக்குகிறதோ, அங்கே முதல் வகுப்பெடுக்க நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், திருநகரிலிருந்து பஸ் இருக்கிறது. என் அலமாரியில் அந்த உசிலம்பட்டிக்காரர் சம்பவத்துக்குப் பிறகு எடுத்து வைத்த இரண்டு சிரிஞ்சுகள் இருக்கின்றன, ஒன்று சிவப்பு மூடி, இன்னொன்று ஆரஞ்சு மூடி. இரண்டையும் பையில் போட்டு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்,
திருநகர், மதுரை